கடன் பத்திரக் கல்லூரிகள் – 6 : 34 பேர் ‘வேண்டாம்’ என்றால் 66 பேர் தோற்பார்கள்

2000 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்கா முழுவதும் ஃப்ளோரிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. புஷ்ஷா, கோரா? ஃப்ளோரிடா கோருக்கு என்று முதலில் அறிவித்த தொலைக்காட்சிகள் இரண்டு மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றன. நள்ளிரவுக்கு மேல் புஷ்தான் அதிபர் என்றன. விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற்றன.

மேற்குக் கோடியில் கலிஃபோர்னியாவில் அந்தப் பரபரப்பு இல்லை. அந்த மாநிலம் கோருக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளின் கண் வேறோர் எண்ணிக்கையில் இருந்தது. அதே வாக்குச்சீட்டில், மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவுசெய்யும் ‘முன்மொழிவு 39’ என்று ஒன்று அச்சாகியிருந்தது. ஒழுகும் கூரை, 1950களின் மின்கம்பிகள், தற்காலிகம் என்று சொல்லிப் போட்டு நிரந்தரமாகிவிட்ட கொட்டகைகள், இவற்றின் கதி அதில்தான் தீர்மானமாகவிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் இதைப் போன்ற ஒன்று மயிரிழையில் தோற்றிருந்தது. இன்னொரு முறை தோற்றால் மறுபடி கேட்க யாருக்கும் துணிவு வராது.

அந்த இரவின் முடிவைச் சொல்வதற்கு முன் 22 ஆண்டு பின்னால் போயாக வேண்டும். ஏனென்றால் கூரை ஒழுகத் தொடங்கியது மழையால் மட்டுமில்லை.

சென்ற வாரம் 1960இல் நிறுத்தியிருந்தோம். கலிஃபோர்னியாவின் உயர்கல்விப் பெருந்திட்டம் அந்த ஆண்டு வந்தது. பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் ஜூனியர் கல்லூரி. பின்னாளில் இந்த ஜூனியர் கல்லூரிகளே சமுதாயக் கல்லூரிகள் ஆயின. மதிப்பெண் தடை கிடையாது, கல்விக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு படித்து வெல்டிங்கோ செவிலியர் பயிற்சியோ முடித்து வேலைக்குப் போகலாம். பாடங்களை எடுத்து முடித்துப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கும் தாவலாம். உலகில் அதுவரை எந்த அரசும் இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

கட்டடச் செலவில் பெரும்பகுதி உள்ளூர்க்காரர்களுடையது. ஒவ்வொரு கல்லூரி மாவட்டமும் தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, நிலம் ஆகியவற்றின் சொத்து வரியை நம்பிக் கடன் பத்திரம் வெளியிட்டது. பணம் உள்ளவர்கள் பத்திரத்தை வாங்கினார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் வட்டிக்கு வருமான வரி இல்லை, அதனால் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள். மாவட்டம் அந்தப் பணத்தில் கட்டியது. வட்டியும் முதலும் 25, 30 ஆண்டுகளில் சொத்து வரியோடு சேர்ந்து வசூலாயின. லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் 1961இல் திறந்த ஃபுட்ஹில் வளாகமும், குப்பர்டினோவில் 1967இல் திறந்த டி ஆன்சா கல்லூரியும் இந்த ஏற்பாடு செழித்திருந்த காலத்தின் பிள்ளைகள்.

ஒரே ஒரு பூட்டு அதில் இருந்தது. கலிஃபோர்னியாவின் 1879ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டப்படி உள்ளூர் அமைப்பு இப்படிக் கடன் வாங்க வேண்டுமென்றால் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். ரயில் கம்பெனிகளுக்குக் கொட்டிக் கொடுத்து ஊர்கள் கடனில் மூழ்கிய காலத்தில் போட்ட பூட்டு அது. செழிப்பான ஆண்டுகளில் அந்தப் பூட்டு அவ்வளவாக உறுத்தவில்லை. ஊரெங்கும் பிள்ளைகள், புது வீடுகள், நம்பிக்கை. மக்கள் ‘சரி’ என்றார்கள்.

பிறகு ஒரு கிழவர் வந்தார்.

ஹோவர்ட் ஜார்விஸ். 1978இல் வயது 74. யூட்டா மாநிலத்துக்காரர், தொழிலில் சம்பாதித்து ஓய்வுபெற்றவர், முரட்டு நாக்கு. பல ஆண்டுகளாகச் சொத்து வரிக்கு எதிராகக் கையெழுத்து வேட்டை நடத்தித் தோற்றவர். எழுபதுகளின் நடுவில் கலிஃபோர்னிய வீட்டு விலை ஏறிய வேகம் அவருக்குக் கைகொடுத்தது. விலை ஏற ஏற அரசு மதிப்பீட்டாளர் வரியையும் ஏற்றினார். வீட்டை விற்கவில்லை, வருமானம் ஏறவில்லை, வரி மட்டும் ஏறுகிறது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்களுக்குச் சொந்த வீட்டையே இழந்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தில் பொய் எதுவும் இல்லை; இதை மறந்துவிட்டு ஜார்விஸைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அவரும் இன்னொரு வரி எதிர்ப்பாளரான பால் கேனும் சேர்ந்து 12 லட்சத்துக்கும் மேலான கையெழுத்தோடு முன்மொழிவு 13ஐக் கொண்டுவந்தார்கள். சொத்து வரி மொத்தமே மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975ஆம் ஆண்டு அளவுக்குப் பின்வாங்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறினால்தான் புது மதிப்பு. மாநில வரி எதையும் உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். உள்ளூரின் தனி வரிகளுக்கும் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

1978 ஜூன் 6. ஜார்விஸ் ஜெயித்தார். சில நாளில் ‘டைம்’ இதழின் அட்டையில் கையை ஓங்கி நின்றார்.

எத்தனை சதவீதம்? 64.8. எல்லோரிடமும் மூன்றில் இரண்டைக் கேட்ட அந்தச் சட்டத்துக்குத் தன் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. மாநில அரசமைப்பைத் திருத்தப் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்பது விதி. ஒரு கல்லூரிக்கு ஆய்வுக்கூடம் கட்டுவது கடினம், அரசமைப்பையே மாற்றுவது சுலபம்! இந்த வினோதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இதே அத்தியாயத்தில் மறுபடி வரும்.

சட்டம் வந்த பிறகுதான் அதன் வாலில் இருந்த கத்தி தெரிந்தது. பழைய கடன்களுக்கு மட்டும் 1 சதவீத எல்லையிலிருந்து விலக்கு இருந்தது. புதுக் கடன் பத்திரம் வெளியிட்டால் அதைத் திருப்பிச் செலுத்த 1 சதவீதத்துக்கு மேல் வரி போட வழியே இல்லை. மூன்றில் இரண்டு என்ன, நூற்றுக்கு நூறு பேர் ‘கட்டு’ என்று வாக்களித்தாலும் கட்ட முடியாது.

எட்டு ஆண்டு அப்படியே போயிற்று. கல்லூரிகளின் அன்றாடச் செலவுப் பணம் சாக்ரமெண்டோவில் மாநில அரசின் கைக்குப் போனது. கட்டடத்துக்கு மாநிலம் அவ்வப்போது கொஞ்சம் கொடுத்தது. பணம் இல்லாத வீட்டில் முதலில் தள்ளிப்போடுவது எதை? சுண்ணாம்பு அடிப்பதையும் ஓடு மாற்றுவதையும்தான். கல்லூரிகளும் அதைத்தான் செய்தன.

1984 ஜனவரி 24 அன்று டி ஆன்சா கல்லூரியின் ஃபிளின்ட் அரங்கத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பையிலிருந்து மெக்கின்டாஷ் கணினியை எடுத்து உலகத்துக்குக் காட்டினார். அரங்கம் 1978க்கு முன்பே கட்டி முடித்தது. ஜாப்ஸின் கூட்டாளி ஸ்டீவ் வாஸ்னியாக் கொஞ்ச காலம் படித்ததும் இதே டி ஆன்சாவில்தான். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அதே கல்லூரி உட்பட மாநிலத்தின் எல்லாச் சமுதாயக் கல்லூரிகளும் முதன்முறையாக மாணவரிடம் கட்டணம் கேட்டன. பருவத்துக்கு அதிகபட்சம் 50 டாலர். தொகை பெரிதில்லை. ஆனால் 1960இன் வாக்குறுதி அன்றைக்கு உடைந்தது.

1986 ஜூனில் முன்மொழிவு 46 வந்தது. உள்ளூர் மக்கள் சம்மதித்தால் கடன் பத்திரத்துக்காக 1 சதவீதத்துக்கு மேலேயும் வரி போடலாம் என்று கதவைத் திறந்தது. இரண்டு மாதத்தில், ஆகஸ்ட் 12 அன்று, ஜார்விஸ் இறந்தார்.

கதவு திறந்ததே தவிர 1879இன் பூட்டு அப்படியே தொங்கியது.

அந்தப் பூட்டின் கணக்கைப் பாருங்கள். 100 பேர் வாக்களிக்கிறார்கள். 66 பேர் ‘வேண்டும்’, 34 பேர் ‘வேண்டாம்’. முடிவு: கல்லூரி தோற்றது. ஒரு ‘வேண்டாம்’ இரண்டு ‘வேண்டும்’களைத் தின்கிறது. ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லார் வாக்கும் ஒரே எடை. கழிப்பறைக் குழாய் மாற்றும்போது மட்டும் எதிர்ப்பவரின் வாக்குக்கு இரட்டை எடை.

எதிர்த்தரப்பு சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். ஜார்விஸ் பெயரில் இயங்கிய வரி செலுத்துவோர் சங்கம் கேட்டது இதுதான்: வாடகைக்கு இருப்பவரும் வாக்களிக்கிறார், வரிச் சீட்டு மட்டும் வீட்டுக்காரருக்கு வருகிறது, 30 ஆண்டுக் கடனை இன்றைய சின்னப் பெரும்பான்மை நாளைய தலைமுறையின் தலையில் கட்டலாமா? இதில் பாதியை ஒப்புக்கொள்வேன். 30 ஆண்டுக் கடனுக்குச் சற்று உயர்ந்த வாசல் நியாயமே. ஆனால் வாடகைக்காரர் வரி கட்டுவதில்லை என்பது பாதி உண்மைதான். வீட்டுக்காரரின் செலவு வாடகைக்குள் நுழைய வழி தேடிக்கொண்டேதான் இருக்கும்.

வீட்டுக்காரர்களுக்குள்ளேயும் பாரம் சமமில்லை, அதற்குக் காரணமும் ஜார்விஸ்தான். கடன் பத்திர வரி விழுவது சந்தை மதிப்பின் மேல் இல்லை, வரி ஏட்டில் உள்ள மதிப்பின் மேல். குப்பர்டினோவில் நேற்று வீடு வாங்கிய மென்பொருள் பொறியாளரும் 1975இலிருந்து அங்கேயே இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒரே அளவு வீட்டில் இருப்பார்கள். டி ஆன்சாவின் கட்டடத்துக்கு முன்னவர் கட்டுவது பின்னவரைப் போலப் பல மடங்கு. அந்த ஊரில் வீடு வாங்கிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டும் அந்தச் சீட்டில் கல்லூரிக்கென்று தனி வரியே இருக்கும்.

பூட்டை மாற்ற முதல் முயற்சி 1993 நவம்பர், முன்மொழிவு 170. பள்ளி, கல்லூரிக் கடனுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று கேட்டது. பெருந்தோல்வி. ஏழு ஆண்டு யாரும் வாய் திறக்கவில்லை.

1999 நவம்பரில் ஒரு மின்னல். ஃபுட்ஹில்–டி ஆன்சா மாவட்டம் 24.8 கோடி டாலருக்கு வாக்குக் கேட்டு, மூன்றில் இரண்டைத் தாண்டி ஜெயித்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் இணைய நிறுவனப் பங்குகள் வானத்தில் பறந்துகொண்டிருந்த நேரம் அது. பணம் கொழிக்கும் ஊர் பழைய பூட்டையும் திறந்துவிடும். ஏழை ஊர் என்ன செய்யும்?

2000 மார்ச் 7 அன்று முன்மொழிவு 26. மறுபடி அதே கேள்வி: பாதிக்கு மேல் போதுமா? இந்த முறை பின்னால் பெரிய பணம் இருந்தது. துணிகர முதலீட்டாளர் ஜான் டோயர், நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியிருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் போன்றவர்கள் கை கொடுத்தார்கள். எண்ணி முடித்தபோது எதிர்த்தவர்கள் 51 சதவீதத்துக்குச் சற்று மேல்.

தோற்றவர்கள் இந்த முறை ஏழு ஆண்டு காத்திருக்கவில்லை. மூன்றில் இரண்டு என்பது மக்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது, பாதி என்பது பயமாகத் தெரிகிறது. நடுவில் ஓர் எண் வேண்டும். 55 என்று வைத்தார்கள். கலிஃபோர்னியாவின் பள்ளி, கல்லூரிக் கடன்களை இன்றுவரை ஆளும் எண் அது. அதைப் பேரம் என்றே சொல்வேன். தத்துவம் எதுவும் அதில் இல்லை.

பேரத்தில் மறுபக்கமும் உண்டு. 55 கேட்பவர்கள் கட்டுப்பட வேண்டிய விதிகளை முன்மொழிவும், அதோடு பிணைத்துச் சட்டமன்றம் இயற்றிய சட்டமும் அடுக்கின. பணம் கட்டடத்துக்கும் கருவிக்கும் நிலத்துக்கும் மட்டும். ஆசிரியர், நிர்வாகி சம்பளத்துக்கு ஒரு காசு போகக் கூடாது. என்னென்ன கட்டப்போகிறோம் என்ற பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை ஒன்று, செயல்பாட்டுத் தணிக்கை ஒன்று. சமுதாயக் கல்லூரி மாவட்டம் ஒரு வாக்கெடுப்பின் பெயரால் போடும் வரி, ஏட்டு மதிப்பில் 1 லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 25 டாலரைத் தாண்டாது என்று கணக்குக் காட்டினால்தான் 55 செல்லும். 4 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 100 டாலர்.

பிறகு, மக்கள் கண்காணிப்புக் குழு. குறைந்தது 7 பேர், சம்பளம் கிடையாது. வணிகர் ஒருவர், முதியோர் அமைப்பிலிருந்து ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர், மாணவர் ஒருவர், கல்லூரியை ஆதரிக்கும் அமைப்பிலிருந்து ஒருவர் அதில் இருந்தே தீர வேண்டும். கல்லூரி ஊழியரோ ஒப்பந்தக்காரரோ எட்டிப் பார்க்கக் கூடாது. வாசலைத் தாழ்த்தினோம், காவலாளியை வைத்தோம் என்று வாக்காளரிடம் சொன்னார்கள். இந்த ஏழு பேரை மறந்துவிடாதீர்கள்.

இனி அந்த நவம்பர் இரவு. ஆளுநர் கிரே டேவிஸ் ஆதரவு, சிலிக்கான் பள்ளத்தாக்கின் பணம், எதிரே ஜார்விஸின் வாரிசுகள். எண்ணிக்கை முடிந்தது. முன்மொழிவு 39க்குக் கிடைத்தது 53 சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஜெயித்துவிட்டது. அரசமைப்புத் திருத்தத்துக்குப் பாதிக்கு மேல் போதுமல்லவா! ஆனால் 55 வேண்டும் என்று சொன்ன முன்மொழிவுக்கு 55 கிடைக்கவில்லை. 1978இல் 66.7ஐக் கேட்டது 64.8இல் வென்றது, 2000இல் 55ஐக் கேட்டது 53இல் வென்றது. பூட்டைப் போட்டவர்களும் சரி, தளர்த்தியவர்களும் சரி, தாங்கள் வகுத்த சோதனையில் தேறவில்லை.

ஃப்ளோரிடாவின் வாக்கு எண்ணிக்கை வழக்காகி உச்ச நீதிமன்றத்தில் முடிய டிசம்பர் 12 ஆயிற்று. அதற்குள் கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய கல்லூரி மாவட்டத்துக்குக் கணக்குப் புரிந்துவிட்டிருக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தில் ஒன்பது கல்லூரிகள். வெர்மான்ட் அவென்யூவில் 1929இல் தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையான யுசிஎல்ஏ காலி செய்துவிட்டுப் போன வளாகத்தில் குடியேறியது. பியர்ஸ் கல்லூரி 1947இல் விவசாயக் கல்லூரியாகப் பிறந்தது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கை உலுக்கியதை அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் மறக்கவில்லை. படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வேலை, மாலையில் வகுப்பு; வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களும் ஏராளம். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பணம் இங்கே இல்லை.

2001 ஏப்ரல் 10, மாநகர மேயர் தேர்தலின் முதல் சுற்று. அதே வாக்குச்சீட்டில் ‘முன்மொழிவு ஏ’ என்று ஒன்று: ஒன்பது கல்லூரிகளுக்கும் சேர்த்து 124.5 கோடி டாலர் கடன். சமுதாயக் கல்லூரிகளின் சரித்திரத்தில் அதுவரை அவ்வளவு பெரிய தொகையை எவரும் உள்ளூர் மக்களிடம் கேட்டதில்லை. மேயர் போட்டியில் அன்று முதலிடம் பிடித்த அன்டோனியோ வியரைகோசா, இந்த ஒன்பதில் ஒன்றான ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் படித்து, அங்கிருந்து யுசிஎல்ஏவுக்குத் தாவியவர். பெருந்திட்டம் வேலை செய்ததற்கு நடமாடும் சாட்சி. இறுதிச் சுற்றில் அவர் தோற்றார். கல்லூரிகளின் கடனுக்கு இறுதிச் சுற்று தேவைப்படவில்லை. அன்றே 55ஐத் தாண்டி ஜெயித்தது.

ஜெயித்த ருசி விடுமா? 2003 மே மாதம் இன்னொரு 98 கோடி. 2008 நவம்பரில், வங்கிகள் சரிந்துகொண்டிருந்த அந்த மாதத்தில், 350 கோடி. மூன்றும் சேர்ந்து 572.5 கோடி டாலர். பள்ளம் தோண்டாத வளாகம் இல்லை. நூலகங்கள், ஆய்வுக்கூடங்கள், சூரிய மின்தகடுகள். உண்மையிலேயே நல்ல கட்டடங்கள் எழும்பின. பின்னால் வந்ததைக் காட்டி அதை மறைக்கப்போவதில்லை.

2011 பிப்ரவரி இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழ் இந்தப் பணத்தைப் பற்றிப் பல பகுதிகள் கொண்ட புலனாய்வுத் தொடரைத் தொடங்கியது. ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியின் புது முகப்பில் சக்கர நாற்காலி ஏற முடியாதபடி செங்குத்தான சாய்தளம், வெஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் பணம் போதாமல் கைவிட்ட கட்டடங்கள், வரைபடத்தைத் தாண்டாத மின்சக்தித் திட்டங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவு என்று அடுக்கியது. அடுத்த மாதமே கட்டுமானத் திட்டத்தின் தலைவர் பதவி நீக்கப்பட்டார். ஆகஸ்டில் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங்கின் தணிக்கை அறிக்கை வந்தது. திட்டமிடலிலும் மேற்பார்வையிலும் குறை என்று அது பத்திரிகையோடு சேர்ந்துகொண்டது.

அப்படியானால் அந்த ஏழு பேர்? காவலாளி என்று வாக்காளரிடம் காட்டிய மக்கள் கண்காணிப்புக் குழு பத்தாண்டாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? பணத்தைத் தடுக்கும் அதிகாரம் சட்டத்தில் அதற்கு இருந்ததா, இல்லையா?

இதையெல்லாம் படித்து முடித்த அதே ஊர்க்காரர்களிடம் 2016 நவம்பரில் அதே மாவட்டம் மறுபடி வந்து கை நீட்டியது. இந்த முறை 330 கோடி டாலர். தேவை, அதே 55 சதவீதம்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)